ஆபரேஷனுக்குப் பிறகு மகள் என்னை மறந்துவிடுவாளா?

மறக்க மாட்டாள். மகளின் வலிப்புக்கு மூளையில் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் படித்துவிட்டுத் தூக்கம் போச்சு என்கிறீர்களே, அந்த அமெரிக்கர் ஹென்றி மொலைசன். 1953இல் வலிப்புக்காக அவருக்கு மூளையில் நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸை இரண்டு பக்கமும் எடுத்தார்கள். அப்புறம் புதிதாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் பெற்றோரையும் பிள்ளைப் பருவத்தையும் அவர்கூட மறக்கவில்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் எடுப்பதில்லை. உங்கள் மகளுக்குச் சொல்லியிருப்பது இடப்பக்கம் மட்டும்.

இடப்பக்கம் பெரும்பாலோருக்கு மொழியின் பக்கம். அதனால் பெயர்கள் நாக்கு நுனியில் நின்றுவிடலாம், கடைக்குப் போனால் சீட்டு எழுதிக்கொண்டு போக வேண்டி வரலாம். எவ்வளவு என்பது அந்த ஹிப்போகேம்பஸ் இப்போது எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்கேனில் அது சுருங்கிக் கெட்டிப்பட்டிருக்கிறது. நினைவாற்றல் பரிசோதனையிலும் மதிப்பெண் குறைவாக இருந்தால் இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. நன்றாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்; அங்கேதான் லேசருக்கு இடம்.

லேசரில் மெல்லிய குழாயை உள்ளே விட்டு, எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபடியே அந்த இடத்தைச் சூடேற்றிக் கருக்குவார்கள். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம், சொற்களுக்குச் சேதம் குறைவு. ஆனால் வலிப்பு அறவே நிற்கும் வாய்ப்பு, மண்டையைத் திறந்து அந்தப் பகுதியை எடுக்கும் திறந்த அறுவையைவிடக் கொஞ்சம் குறைவு. போதவில்லை என்றால் பிறகு திறந்த அறுவைக்குப் போகலாம். திறந்த அறுவைக்கு வலுவான சான்று உண்டு: 2001இல் கனடாவில் 80 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 8 சதவீதம். கழுத்து நரம்பில் ஒயரும் மார்பில் பேட்டரியும் வைப்பது வலிப்பைக் குறைக்கும், நிறுத்துவது அபூர்வம். உங்கள் மகளுக்கு அது முதல் தேர்வு இல்லை. மூன்று மாத்திரை தோற்ற பிறகு நான்காவது சாதிக்கும் என்று காத்திருப்பதும் வீண்.

சரி, இப்போது கடிதத்தின் கடைசி வரி. இத்தனை வருடம் ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்து, வாயை மென்று, துப்பட்டாவைக் கசக்கியவளுக்கு, இரண்டு மாதமாகத் தூக்கத்தில் உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிறது, காலையில் நாக்கு கடிபட்டிருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முடி கொட்டுகிறது என்று இரவு மாத்திரையைப் பாதியாக உடைக்கத் தொடங்கியதும் இரண்டு மாதம் முன்புதானே? யாரைக் கேட்டு உடைத்தீர்கள்? தூக்கத்தில் வரும் இந்தப் பெரிய வலிப்பில்தான் மூச்சு அடங்கித் திடீர் மரணம் நேர்வதுண்டு, அதுவும் தனியாகப் படுப்பவர்களுக்கு. நீங்கள் பயப்பட வேண்டியது இதற்கு.

இன்றே அவளுடைய நரம்பியல் மருத்துவரை அழைத்து, உடைத்ததைச் சொல்லி, பழைய அளவுக்கு எப்படித் திரும்புவது என்று கேளுங்கள். அவள் அறையிலேயே படுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ உடனே 108.

முடிக்கு அப்புறம் வழி பார்க்கலாம். கல்யாணத்துக்கும் வலிப்பு தடையில்லை. மறைத்துச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.