கோழி குடிக்கிற தண்ணீரில் என்ன கலந்தால் நன்றாக வளரும்?

பெங்களூரில் மொட்டை மாடியில் பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன், தண்ணீரில் மஞ்சள், பூண்டு, வினிகர் எதைக் கலக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கே.ஆர்.புரத்தில் மாடியில்தான் வளர்க்கிறேன்.

முதலில் தண்ணீர். கோழி தின்கிற தீவன எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், ஏப்ரல் வெயிலில் இன்னும் கூடும், டப்பா வழவழவென்று பாசி பிடித்துக் கிடந்தால் எதைக் கலந்தும் பிரயோஜனமில்லை. தினமும் தேய்த்துக் கழுவி நிழலில் வையுங்கள்.

மஞ்சள்தூள் தண்ணீரில் கரையாது, அரை மணி நேரத்தில் அடியில் மஞ்சள் சேறாகப் படிந்துவிடும். தீவனத்தில் பிசைந்து கொடுப்பதே மேல். ஆப்பிள் வினிகர் லிட்டருக்கு 5 மில்லி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், தண்ணீரின் அமிலத்தன்மை கூடுவதால் கிருமி பெருகுவது குறையும். ஆனால் தகர டப்பாவில் ஊற்றாதீர்கள், அரிக்கும். பூண்டு இரண்டு பல் நசுக்கிப் போடலாம், பெரிய மாயமெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். வெல்லத் தண்ணீர் பயணக் களைப்போடு வந்த குஞ்சுகளுக்கு முதல் நாள் மட்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று: வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கிற அன்று வினிகரும் வேண்டாம், குளோரின் கலந்த காவிரிக் குழாய்த் தண்ணீரும் வேண்டாம், மருந்தில் இருக்கும் உயிருள்ள வைரஸ் செத்துப்போகும்.