முடி கொட்டுகிறதா, முதலில் எங்கே காட்டுவது? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குக் கேள்வி பதில்

நான் டாக்டர் இல்லை. கடலூரில் 32 வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: டெங்கு வந்து மூன்று மாதம் ஆகிறது அண்ணா. சீப்பை வைத்தாலே கொத்தாக வருகிறது. நல்ல இடம் சொல்லுங்கள்.

பயப்படாதே தம்பி. கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் இதெல்லாம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டத் தொடங்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். வேர் சாகவில்லை, ஓய்வுக்குப் போயிருக்கிறது. ஆனாலும் ஒருமுறை தோல் டாக்டரிடம் காட்டு. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை உனக்குப் பக்கம். புதுச்சேரிக்காரர்களுக்கு கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விடு. தனியாரிடம் போனால் பலகையில் எம்.டி. டி.வி.எல். என்று தோல் மருத்துவப் பட்டம் இருக்கிறதா பார். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதே.

அரியாங்குப்பம்: போர் தண்ணீர் ஒரே உப்பு. அதனால்தானே கொட்டுகிறது?

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் ஒடிய வைக்கும். வேரைத் தொடாது.

முத்தியால்பேட்டை: எங்கள் தெருவில் எல்லோருக்கும் கொட்டுகிறது. வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. தண்ணீர் காரணம் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஒரு தெருவில் எல்லோருக்கும் தண்ணீர் ஒன்றுதான், உடம்பு வேறு வேறு. தலையணையில் கிடக்கும் பத்து முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து விழுந்தது. இல்லாவிட்டால் ஒடிந்தது.

முத்தியால்பேட்டை: பார்த்தேன். ஏழில் குமிழ் இருக்கிறது.

அப்படியானால் ஃபில்டருக்குச் செலவு செய்யும் முன் ரத்தத்தில் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். மூன்று முடியில் உப்புக்கும் பங்கு இருக்கலாம். அந்த மட்டுக்கு உங்கள் பக்கமும் நியாயம்தான். ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை கொட்டுவது எல்லோருக்கும் உள்ளதே.

நெல்லிக்குப்பம்: முடி வளர மினாக்சிடில் மருந்து தலையில் போட்டு மூன்று வாரம். முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது. நிறுத்திவிடவா?

டாக்டர் எழுதிக் கொடுத்ததா? அப்படியானால் நிறுத்தாதீர்கள். பழைய முடி விழுந்து புதிது வரும் கட்டம் அது. நான்கு மாதமாவது போட்டால்தான் பலன் தெரியும். நீங்களாகக் கடையில் கேட்டு வாங்கியிருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

பாகூர்: நல்ல இடம் எது சார்?

முதல் பதிலைப் படியுங்கள்.

காலாப்பட்டு: பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடலாமா?

குறைபாடு இருந்தால்தான் பயன். சாப்பிடுகிறவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ரிசல்ட் தப்பாக வரலாம்.

பண்ருட்டி: முடி நடுவதற்கு இன்றே கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். நல்ல இடமா?

மறுபடியும் இடமா! கத்தி பிடிப்பது யார் என்று கேளுங்கள். பேர், பதிவு எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். என் அக்கா மகன் ஒரு கிளினிக்கில் முழுப் பணமும் கட்டினான். டாக்டர் முகத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். பணமும் வரவில்லை, முடியும் வரவில்லை. முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

வில்லியனூர்: ஆறு வயதுப் பையன் தலையில் ரூபாய் அளவுக்குச் சொட்டை. புழுவெட்டு என்று சின்ன வெங்காயம் தேய்க்கிறோம்.

அம்மா, அந்த இடம் வழுவழுப்பாக இருக்கிறதா, செதில் செதிலாக உரிகிறதா? வழுவழுப்பாக இருந்தால் புழுவெட்டாக இருக்கலாம். அதில் புழு கிடையாது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. உரிந்து, அரித்து, முடி குட்டையாக ஒடிந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அதற்குக் களிம்பு மட்டும் போதாது, வாய்வழி மருந்து வேண்டும். வீங்கிச் சீழ் வைத்தால் தழும்பாகி அந்த இடத்தில் முடியே வராமல் போகலாம். வெங்காயத்தை நிறுத்துங்கள். கதிர்காமம் உங்களுக்குப் பக்கம்தான், நாளைக் காலையே தூக்கிக்கொண்டு போங்கள். வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தலையையும் காட்டுங்கள், சீப்பும் துண்டும் தனியாக வையுங்கள்.