ஆரோனின் கோலும் காணிக்கைப் பெட்டியும்

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் சிலர் காணிக்கைக் கணக்கைக் கேட்டோம். அடுத்த ஞாயிறு பாஸ்டர் எண்ணாகமம் 17ஐ வாசித்து, "கோல்களில் ஆரோனுடையது மட்டும்தான் துளிர்த்தது. கர்த்தர் தெரிந்துகொண்டவனைக் கேள்வி கேட்டால் கோராகின் கதிதான்" என்றார். அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை. கர்த்தர் ஒருவனை ஆசாரியனாகத் தெரிந்துகொள்வது என்றால் என்ன? அவனிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாதா?

ஜே., திருநெல்வேலி

அன்புள்ள ஜே.,

உங்கள் பாஸ்டர் ஒரு பக்கம் முன்னதாகவே வேதத்தை மூடிவிட்டார். 17இல் ஆசாரியனாகிய ஆரோனின் கோல் துளிர்த்து, பூத்து, வாதுமைப் பழமும் கொடுக்கிறது. 18இன் முதல் வசனமோ, பரிசுத்த ஸ்தலத்தைப் பற்றிய அக்கிரமத்தை ஆரோனும் அவன் குமாரரும் சுமக்க வேண்டும் என்கிறது. கூடாரப் பணிவிடைக்காரராகிய லேவியர் எல்லை மீறிப் பலிபீடத்தை நெருங்கினால் அவர்களோடு ஆசாரியரும் சாவார்கள். தேசத்தில் ஆரோனுக்குக் காணி கிடையாது என்பதும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது.

தகுதி பார்த்து நடந்த தேர்வும் அல்ல இது. ஆசாரிய உடைக்கும் பிரதிஷ்டைக்கும் யாத்திராகமம் 28, 29இல் கட்டளை வருகிறது. 32இல் அதே ஆரோன் பொன் கன்றுக்குட்டியை வார்க்கிறான். லேவியராகமம் 8இல்தான் பிரதிஷ்டை நடக்கிறது. ஆட்டுக்கடாவின் இரத்தத்தை மோசே ஆரோனுடைய வலது காதுமடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசுகிறான். பிறகு ஏழு நாள் ஆசரிப்புக் கூடார வாசலை விட்டு அசையக் கூடாது. காது கேட்பதற்கு, கை செய்வதற்கு, கால் நடப்பதற்கு என்று பிரசங்கிகள் விளக்குவார்கள். வேதத்தில் அந்த விளக்கம் இல்லை. ஆனால் 14ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். குணமான குஷ்டரோகி பாளயத்துக்குத் திரும்பும்போது ஆசாரியன் இரத்தம் பூசுவது அவனுடைய அதே மூன்று இடங்களில்தான். இதைச் சொல்லும் பிரசங்கம் அபூர்வம்.

எட்டாம் நாள் ஆரோன் முதன்முதலாகப் பலியிட்டது தன் பாவத்துக்காக, ஒரு கன்றுக்குட்டியை. ஜனங்களுடைய பலி அதற்குப் பிறகுதான்.

அன்றாட வேலையும் அப்படியொன்றும் மேடை வேலை இல்லை. இரவெல்லாம் பலி எரிந்த சாம்பலைச் சணல்நூல் உடுப்போடு ஆசாரியனே அள்ளிப் பலிபீடத்தின் பக்கத்தில் கொட்ட வேண்டும். பிறகு உடை மாற்றிக்கொண்டு அதைப் பாளயத்துக்கு வெளியே சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காலைதோறும் விறகு அடுக்க வேண்டும், நெருப்பு அணையவே கூடாது.

அவனே பாவம் செய்தால்? லேவியராகமம் 4 ஆளுக்கேற்ற பலியைச் சொல்கிறது. சாதாரண ஜனத்துக்குப் பெண் வெள்ளாடோ பெண் செம்மறியோ போதும். பிரபுவுக்கு வெள்ளாட்டுக்கடா. அபிஷேகம்பெற்ற ஆசாரியனுக்கு ஒரு காளை. சபை முழுவதும் சேர்ந்து தவறினாலும் அதே காளைதான். அவன் ஒருவனுடைய பாவம் அத்தனை பேருடைய பாவத்துக்குச் சமம். பிரபுவும் சாதாரண ஜனமும் கொடுக்கும் பாவநிவாரண பலியில் ஆசாரியனுக்கு இறைச்சி உண்டு. இந்தக் காளையில் ஒரு துண்டும் கிடையாது, பாளயத்துக்கு வெளியே சுட்டெரித்துவிட வேண்டும்.

கோராகு கணக்குக் கேட்டவன் அல்ல. அவன் லேவியன்; ஏற்கெனவே ஆசரிப்புக் கூடாரத்தில் பணிவிடை உள்ளவன். ஆசாரியப் பட்டமும் வேண்டும் என்று 250 பேரோடு தூபகலசம் ஏந்தி வந்தான்; பூமி வாய் திறந்து அவனை விழுங்கியது. மறுநாள் ஜனங்கள் ஆரோன்மேல் முறுமுறுத்து வாதை தொடங்கியபோது, ஆரோன் "கேள்வி கேட்டீர்களே, அனுபவியுங்கள்" என்று நிற்கவில்லை. தூபகலசத்தை எடுத்துக்கொண்டு ஓடி, செத்தவர்களுக்கும் உயிரோடிருந்தவர்களுக்கும் நடுவே நின்றான். அப்படியும் 14,700 பேர் செத்துப்போனார்கள். அந்தச் சாவுகளுக்குப் பின்புதான் கோல் துளிர்க்கிறது.

தேர்வு நிரந்தரப் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். பிற்காலத்து ஆசாரியனாகிய ஏலியின் குமாரர் என்ன செய்தார்கள்? கொழுப்பு கர்த்தருக்குத் தகனிக்கப்படும் முன்பே பச்சை இறைச்சியைக் கேட்டு, தராவிட்டால் பலவந்தமாய் எடுப்போம் என்றார்கள். "என்றைக்கும்" என்று அந்த வீட்டுக்குச் சொல்லியிருந்த வாக்கைக் கர்த்தரே திரும்பப் பெறுகிறார் (1 சாமுவேல் 2:30). குமாரரை அடக்காததற்கு ஏலியும் பொறுப்பாளி.

இனி உங்கள் காணிக்கை விஷயம். அதற்கு 2 இராஜாக்கள் 12 போதும். ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணத்தை ஆசாரியர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். யூதாவின் ராஜா யோவாஸ் ஆண்ட 23ஆம் வருஷம் வரை வேலை நடக்கவில்லை. ராஜா நேராகவே கேட்டான், ஏன் பழுதுபார்க்கவில்லை என்று. கோராகுக்குத் திறந்ததுபோல் பூமி வாய் திறக்கவில்லை. ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்துக்கு வலதுபுறம் வைத்தான். பணம் சேர்ந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணிப் பையில் கட்டினார்கள்.

இதை எடுத்துக்காட்டினால் 15ஆம் வசனத்தைக் காட்டுவார்கள். அங்கே "கணக்குக் கேட்கவில்லை" என்று வரும். அது வேலைக்காரருக்குக் கூலி கொடுத்த மேற்பார்வையாளர்களைப் பற்றியது, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்ற காரணத்தோடு சொல்லப்பட்டது. அவர்கள் கைக்குப் போகுமுன் பணம் இரண்டு பேர் முன்னால் எண்ணப்பட்டாயிற்று.