உரியது எது?

கேள்வி: கல்லூரிக் கட்டுரைக்காகச் சமூக நீதியை வரையறுக்கச் சொன்னார்கள். நான்கு நூல்களைப் புரட்டினேன். நான்கும் நான்கு விதமாகச் சொல்கின்றன. நீங்களாவது ஒரே வரியில் சொல்லக் கூடாதா? – வாசகி ஒருவர்

பதில்: முடிந்தால் சொல்லியிருப்பேன், அம்மா. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு தேர்வுக் கூடம்தான் நினைவுக்கு வருகிறது.

பார்வை மிகக் குறைந்த மாணவன் ஒருவன் அங்கே இருந்தான். மூக்கு தாளில் உரசுமளவு குனிந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் படிப்பான். கண்ணாடிக்குள் ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் தெரியும். வரி முடிந்ததும் அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடுவான். அவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தந்தார்கள். தேர்வு முடிந்ததும் நன்றாகப் படிக்கிற இன்னொரு மாணவன் வந்து, "எல்லாருக்கும் ஒரே வினாத்தாள்தானே சார், நேரம் மட்டும் எப்படி மாறலாம்?" என்று கேட்டான். பொறாமையால் கேட்கவில்லை. எது நியாயம் என்று நம்பினானோ, அதைக் கேட்டான்.

அவரவர்க்கு உரியதைத் தருவதே நீதி என்பதில் யாருக்கும் வழக்கில்லை. உரியது எது என்பதில்தான் வழக்கு. எல்லாருக்கும் சம பங்கா, உழைப்புக்கேற்ற பங்கா, தேவைக்கேற்ற பங்கா, தலைமுறை தலைமுறையாகப் பறித்ததற்கு ஈடா? நான்கிலும் நியாயம் உண்டு. ஒன்றை இறுகப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிறது. உங்கள் நூல்கள் முரண்படுவது இதனால்தான்.

எந்த வீட்டில், எந்த உடலோடு பிறப்போம் என்று தெரியாதவர்களாக நின்று விதிகளை வகுத்துப் பாருங்கள் என்றார் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ், 1971-இல். பொருளியல் அறிஞர் ஹயெக் 1976-இல் 'சமூக நீதி' என்ற சொல்லே பொருளற்றது என்றார். சந்தையின் விளைவுகளை யாரும் திட்டமிடுவதில்லை, ஆகவே அவற்றை அநீதி என்பது பொருந்தாது என்பது அவர் வாதம். எனக்கு அது உடன்பாடில்லை. என் மாணவனுக்குத் தீங்கு செய்ய எவரும் எண்ணவில்லை, உண்மைதான். ஆனால் மூன்று மணி நேரம் என்பது வானத்திலிருந்து விழுந்ததா? நல்ல பார்வை உள்ளவர்கள், தங்களைப் போன்றவர்களையே மனத்தில் வைத்துக் குறித்த நேரம் அது.

ஆகவே, நீதி எது என்பதை விட்டு, அநீதி எது என்ற மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். இந்திய அரசமைப்புச் சட்டம் முகப்புரையில் சமூக நீதியைச் சொல்கிறது, வரையறுக்கவில்லை. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அந்தச் சொல்லுக்கும் விளக்கம் தரவில்லை. தீண்டாமையைத் தண்டிக்க வந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் தரவில்லை. பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவிடாமல் தடுப்பது, கோயிலுக்குள் விட மறுப்பது, கடைக்குள் விட மறுப்பது என்று குற்றங்களை ஒவ்வொன்றாக எழுதியது. கிணற்றடியில் வெறுங்குடத்தோடு நின்றவருக்கு அதில் எதுவும் புரியாமல் போயிருக்காது.

கேள்வி கேட்ட மாணவனிடம் மறுநாள் அந்த உருப்பெருக்கியைக் கொடுத்து, அதன் வழியாகவே ஒரு பக்கம் படிக்கச் சொன்னேன். அரைப் பக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிறுத்திவிட்டான். "நேரம் தரத்தான் வேண்டும் சார். ஆனால் ஒரு மணி நேரம் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? ஏன் நாற்பது நிமிடம் இல்லை, ஏன் இரண்டு மணி நேரம் இல்லை?" என்றான். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. உங்கள் கட்டுரையில் அவன் கேள்வியையும் எழுதுங்கள்.