இருபது ஆண்டு கடந்த ஒயினும் ஆட்டுக்கறி இஷ்டூவும்

கேள்வி: பிரான்ஸில் பணிபுரியும் எங்கள் மருமகன் 2005ஆம் ஆண்டின் போர்தோ சிவப்பு ஒயின் ஒன்றைச் சென்ற வாரம் கொண்டுவந்து தந்தார். எங்கள் திருமண நாளன்று வீட்டிலேயே சமைத்து, இரவு உணவோடு அதை அருந்த விரும்புகிறோம். வழக்கமாக வைக்கும் காரமான ஆட்டுக்கறிக் குழம்பு அதற்குப் பொருந்துமா? புட்டியின் அடியில் கறுப்பாகப் படிந்திருக்கிறதே, ஒயின் கெட்டுவிட்டதா?
- வாசகி ஒருவர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: அந்தப் படிவு கெட்டுப்போனதன் அடையாளம் அன்று, ஒயின் முதிர்ந்ததன் அடையாளம். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய துவர்ப்புப் பொருளான டானினும் நிறமிகளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, மண்டியாக அடியில் தங்கிவிடுகின்றன. அதனால்தான் இளமையில் கருஞ்சிவப்பாக இருந்த ஒயின் செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு தணிந்து, பழவாசனை பின்வாங்கி, தோல், புகையிலை, காய்ந்த இலை ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் மேலெழுகின்றன.

எல்லா ஒயினும் வைக்க வைக்கச் சிறக்கும் என்று நம்பிவிட வேண்டாம். போர்தோவின் கபர்னே சோவிஞான் திராட்சை சிறியது, தடித்த தோலுடையது. நீண்ட காலம் தாங்கும் துவர்ப்பு அதில் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹம்பர்க் வகையைச் சேர்ந்தது; மணமும் சாறும் மிகுந்த அதைப் பழமாகவே உண்பது சிறப்பு. எல்லைக்கு அப்பால் கேரள வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் சர்க்கரை சேர்த்து ஊறவைக்கும் இனிப்பு ஒயினும் அந்தப் பண்டிகைக் காலத்துக்கானதே.

காரக் குழம்பை அன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்றே உறுதியாகச் சொல்வேன். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும்; அந்த எரிச்சலில் இத்தனை ஆண்டுகளில் உருவான மென்மணம் முழுவதும் மறைந்துபோகும். புளி மிகுந்தால் ஒயின் சாரமற்றுத் தோன்றும். உங்கள் ஊரிலிருந்து மலையேறினால் வரும் குமுளிப் பக்கத்தில் செய்வதுபோல, வெள்ளாட்டுக்கறியை உருளைக்கிழங்கு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், இடித்த மிளகு சேர்த்து நன்றாக வேகவிட்டு, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கிய இஷ்டூவும் ஆப்பமும் மிகப் பொருத்தமாக அமையும். கறியின் கொழுப்பும் தேங்காய்ப்பாலின் வழவழப்பும் எஞ்சிய துவர்ப்பை மேலும் மிருதுவாக்கும். மிளகு ஒயினின் மணத்தோடு இயல்பாக இணங்கும். பச்சை மிளகாய் ஒன்றைக் கீறிப் போட்டால் போதும். ஏலக்காயிலும் கை அடக்கமாக இருக்கட்டும். ஊறுகாயும் ரசமும் அன்று வேண்டாம்.

பயணத்தில் குலுங்கிய புட்டியை இரண்டு வாரமாவது அசைக்காமல் இருட்டான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். விருந்துக்கு முந்தைய நாள் குளிர்பதனப் பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் மண்டி முழுவதும் அடியில் இறங்கும். உங்கள் ஊர் வெப்பத்தில், பரிமாறுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால், பருகுவதற்கு உகந்த 16 முதல் 18 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். பழைய தக்கை எளிதில் நொறுங்கும் என்பதால் திருகாணியை ஆழமாக, மெதுவாக இறக்கி, அவசரமின்றி இழுக்க வேண்டும். பின்னர்க் கழுத்துக்குப் பின்னால் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு, இடையில் நிறுத்தாமல், ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றுங்கள். கழுத்தை நோக்கி மண்டி வருவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். இதை உணவு மேசைக்கு வந்தபிறகே செய்ய வேண்டும். இளம் ஒயினை மணிக்கணக்கில் காற்றாட விடலாம். முதிர்ந்த ஒயினின் மணமோ அதற்குள் கலைந்துபோகும்.

750 மில்லி புட்டியில் நான்கு பேருக்குத் தாராளமாகக் கிடைக்கும். கோப்பையை மூன்றில் ஒரு பங்குக்குமேல் நிரப்பாமல், முதல் வாயை உணவுக்கு முன் தனியாகச் சுவைத்துவிட்டுப் பிறகு ஆப்பத்தைப் பிட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் வைத்தால் மறுநாள் பெரும்பாலும் அதன் மணம் மங்கியிருக்கும். அன்றிரவே பகிர்ந்து முடித்துவிடுவது நல்லது.