‘செவ்விந்தியர்’ என்று பாடத்தில் எழுதலாமா?

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். ஜூன் 21 அன்று வரும் தேசிய பூர்வகுடி மக்கள் நாளுக்காக இரண்டு பக்கப் பாடம் ஒன்று எழுதுகிறேன். பழைய பாடநூலில் ‘செவ்விந்தியர்’, ‘எஸ்கிமோக்கள்’ என்று இருக்கிறது. இவை தவறு என்கிறாள் ஒரு மாணவி. தமிழில் வேறு என்ன எழுதுவது?

பதில்: மாணவி சொல்வது சரி. ‘செவ்விந்தியர்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. 1492இல் கரீபியத் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், தான் ஆசியாவை அடைந்துவிட்டதாக நம்பி வைத்த பெயர் ஒன்று; தோலின் நிறத்தைப் பார்த்து மற்றவர்கள் ஒட்டிய அடைமொழி மற்றொன்று. ஆங்கிலத்தில் நாளிதழ்களும் பள்ளிகளும் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. நாம்தான் புணர்ச்சி விதி பிசகாமல் மொழிபெயர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

‘இந்தியர்’ என்ற சொல் கனடாவின் சட்டத்தில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1876இல் வந்த இந்தியர் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதைக் குறிப்பிட நேர்ந்தால் பெயரை மாற்றாமல் எழுதி, யாரைப் பற்றிய சட்டம் என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் அது சென்னையிலிருந்து வந்தவர்களுக்கான குடிவரவுச் சட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ‘பூர்வகுடி மக்கள்’ போதும். தனித்தமிழ் வேண்டும் என்றால் ‘தொல்குடி மக்கள்’. அதில் எனக்குச் சண்டை இல்லை. ‘பழங்குடி’ இழிவான சொல் அல்ல. குறளின் குடிமை அதிகாரத்தில், வறுமையிலும் பண்பு குன்றாத குடும்பத்துக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் காதில் இப்போது அது சாதிச் சான்றிதழின் ஒரு பிரிவாக ஒலிக்கிறது. ‘ஆதிவாசி’ என்றால் இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்கு வேடர்கள் நினைவுக்கு வருவார்கள். இந்தப் பாடத்துக்கு இரண்டும் வேண்டாம்.

பொதுச்சொல்லோடு நின்றுவிடவும் கூடாது. 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு மூன்று பிரிவினரைச் சொல்கிறது: இந்தியர், இனூயிட், மேட்டீ. இதில் ‘இந்தியர்’ என்ற இடத்தில் இன்று வழங்கும் ‘ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்’ (First Nations) என்ற பெயரைத் தமிழில் ‘முதற்குடிகள்’ என்று பலர் எழுதுகிறார்கள். நான் ‘முதல் தேசத்தவர்’ என்பேன். அவர்களில் பலரோடு ஆட்சியாளர்கள் நில ஒப்பந்தங்கள் செய்தார்கள்; ஒப்பந்தம் என்பது ஒரு தேசம் இன்னொரு தேசத்தோடு செய்துகொள்வது. ‘தேசம்’ என்று தங்களை அழைத்துக்கொள்வதில் அவர்களுடைய உரிமைக் கோரிக்கையே அடங்கியிருக்கிறது. ‘குடி’ அதைக் கரைத்துவிடுகிறது.

இனூயிட் என்றாலே அவர்கள் மொழியில் ‘மக்கள்’. அது பன்மைச் சொல்; ‘இனூயிட்டுகள்’ என்று கள் சேர்க்க வேண்டியதில்லை. ஒருவரைச் சொன்னால் ‘இனூக்’. ‘எஸ்கிமோ’ பிறர் சூட்டிய பெயர். கனடாவில் அது இப்போது அவமதிப்பாகவே கொள்ளப்படுகிறது. எட்மன்டன் கால்பந்து அணியே தன் பெயரிலிருந்து அதை நீக்கிவிட்டு 2021இல் ‘எல்க்ஸ்’ ஆனது. ஆனாலும் எஸ்கிமோ என்று வரும் இடத்திலெல்லாம் இனூயிட் என்று மாற்றிவிடாதீர்கள். அலாஸ்காவின் யூப்பிக் மக்களையும் வெளியார் எஸ்கிமோ என்றுதான் அழைத்தார்கள். அவர்கள் இனூயிட் அல்லர்.

அதிகம் தடுக்கி விழும் இடம் மேட்டீ. முதலில் எழுத்து: ‘மெட்டி’ என்று எழுதினால் அது மணமகளின் கால்விரலுக்குப் போய்விடும். அடுத்தது பொருள். பிரெஞ்சில் அச்சொல்லுக்குக் கலப்பு என்று பொருள் இருப்பதால் ‘கலப்பினத்தவர்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். பெற்றோரில் ஒருவர் பூர்வகுடி என்பதால் மட்டும் ஒருவர் மேட்டீ ஆகிவிட மாட்டார். செவ்வாறு (Red River) பாயும் பகுதியில் தனி மொழி, வாழ்முறை, அரசியலோடு உருவான மக்கள் அவர்கள். அவர்களுடைய தலைவர் லூயி ரியேலின் போராட்டத்தால்தான் 1870இல் மனிற்றோபா மாகாணம் பிறந்தது. அவரை அரசு 1885இல் தூக்கிலிட்டது. மேட்டீ என்ற பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே வையுங்கள்.

உங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது இன்னும் நெருங்கிப் போகலாம். மிசிசாகா என்றதும் மாணவர்களுக்குப் பக்கத்து நகரமும் அதன் பெரிய கடைத்தொகுதியும்தான் நினைவுக்கு வரும். அது ஒரு மக்களின் பெயர். அனிஷினாபே மக்களில் ஒரு பிரிவினரான அவர்களோடு பிரிட்டிஷ் ஆட்சி 1805இல் செய்த ஒப்பந்தத்தின் மீதுதான் ரொறன்ரோவின் பெரும்பகுதி நிற்கிறது. அதே போல, ‘இரோகுவா’ என்று பழைய நூல்கள் சொல்லும் ஆறு தேசக் கூட்டமைப்பினர் தங்களை ‘ஹோடெனோஷோனி’, அதாவது நெடுவீட்டு மக்கள், என்கிறார்கள். எந்தத் தேசம் என்று தெரிந்தால் அந்தப் பெயரையே எழுதுங்கள். தெரியாதபோது மட்டும் பொதுச்சொல்.

சொல்லை மாற்றியும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். பழைய பாடநூல்களில் இந்த மக்கள் எப்போதும் ‘வாழ்ந்தார்கள்’, ‘வேட்டையாடினார்கள்’. 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் பூர்வகுடி மக்கள் சுமார் 18 இலட்சம் பேர், மக்கள்தொகையில் 5 சதவீதம். உங்கள் மாணவியின் பள்ளியிலேயே சிலர் படித்துக்கொண்டிருக்கலாம். ‘கனடாவின் பூர்வகுடிகள்’ என்பதையும் ‘கனடாவில் உள்ள பூர்வகுடி மக்கள்’ என்று திருத்துவேன். 1867இல் பிறந்த நாட்டின் உடைமைபோல அவர்களை எழுதுவது முறையாகப் படவில்லை.

பாடத்தின் தொடக்கம் இப்படி இருக்கலாம்: “நம் வகுப்பு நடக்கும் இந்த இடம் மிசிசாகா மக்கள் உள்ளிட்ட பல தேசத்தவரின் நிலம். அவர்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள்.”