புத்தகத்தை மூடினாலும் வாசிக்கிறான்!

(கோவில்பட்டி வட்டாரப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் பிள்ளைகளின் வாசிப்பு பற்றிய கேள்விகள்.)

டீச்சர், என் மகன் இரண்டாம் வகுப்பு. தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பாடத்தைக் காட்டினாலும் கடகடவென்று வாசிக்கிறான். ஆனால் பஸ் போர்டில் ‘திருநெல்வேலி’ என்றிருந்ததைச் சொல்லத் தெரியவில்லை. மளிகைச் சீட்டில் ‘உப்பு’ என்று எழுதியிருந்தேன், அதுவும் தெரியவில்லை. சந்தேகப்பட்டு ஒருநாள் பாதியில் புத்தகத்தை மூடினேன். மூடிய பிறகும் வாசித்துக்கொண்டே போனான்! “ஆம்பளப் பிள்ளைக்கு மெதுவாத்தான் வரும், தன்னால வந்துரும்” என்கிறார் என் மாமியார். காத்திருக்கலாமா?
— ஒரு தாய், சங்கரன்கோவில்

காத்திருக்க வேண்டாம், அம்மா. உங்கள் மாமியார் சொல்வது பேச்சுக்குப் பொருந்தும். பேசும் வீட்டில் வளர்கிற பிள்ளைக்குப் பேச்சு தன்னால் வரும். எழுத்து அப்படியில்லை. மனிதர்கள் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று மூளையில் தனி இடம் எதுவும் பிறவியிலேயே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

பையன் உங்களை ஏமாற்றவில்லை. அவனுக்கு நல்ல ஞாபகசக்தி. வகுப்பில் கேட்டதைக் கேட்டபடி சொல்கிறான். எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள், பள்ளிக்கு வரும் முன்பே தீப்பெட்டி லேபிளைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். படத்தைக் கையால் மறைத்து எழுத்தை மட்டும் காட்டினால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் பார்த்ததெல்லாம் படமும் நிறமும். உங்கள் மகன் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறான்.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ‘பிமா’, ‘தெகல்’, ‘கொடுசி’ மாதிரி அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள். இவற்றை மனப்பாடம் செய்திருக்க முடியாது, ஊகிக்கவும் முடியாது. எழுத்தைப் பார்த்து ஒலியைச் சேர்த்தால்தான் சொல்ல முடியும். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படி ஒரு சோதனை நடக்கிறது. மொத்தம் 40 சொற்கள், அதில் 20 அர்த்தமற்றவை. பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஆசிரியருக்குச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

சொல்லித்தரும் முறைக்கு வருவோம். அமெரிக்க காங்கிரஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் அமைந்த தேசிய வாசிப்புக் குழு, பல ஆண்டு ஆய்வுகளைச் சலித்து 2000-ல் ஓர் அறிக்கை தந்தது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை நேரடியாக, ஒரு வரிசைப்படி சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மேலாக வாசிக்கிறார்கள் என்பது அதன் முக்கியமான முடிவு. அவை ஆங்கிலத்துக்கான ஆய்வுகள். நம் எழுத்துக்கு நெருக்கமானது கன்னடம். அங்கே சோனாலி நாக் செய்த ஆய்வில், எழுத்துகள் முழுவதும் பிடிபடத் தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகள் ஆகின்றன என்று தெரிந்தது. ‘கா’ என்பதைப் பிள்ளை ஒரே துண்டாகக் கேட்கிறது. அதற்குள் ‘க்’ ஒன்றும் ‘ஆ’ ஒன்றும் இருப்பது மெதுவாகத்தான் புலப்படுகிறது. தமிழ்ப் பிள்ளைகளிடமும் நான் கண்டது இதுதான். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247-ஐயும் ஒரே ஆண்டில் சுவரில் ஒட்டி ஒப்பிக்க வைத்தால், ஒப்பித்தல்தான் மிஞ்சும்.

வீட்டில் இப்படித் தொடங்குங்கள். ப, ம, ட, க, ல ஆகிய ஐந்து எழுத்துகள் போதும். அவற்றோடு ஆகாரக் கால், இகரச் சுழி, புள்ளி. இந்தச் சின்னக் கூட்டத்திலேயே படம், பல், பால், கால், மடி, மாடி, கடல், பாடல், பாட்டி, பாப்பா, கட்டில் எல்லாம் வந்துவிடும். அட்டையில் எழுதி, வரிசையை மாற்றி மாற்றி வாசிக்க வையுங்கள். பிறகு நீங்கள் சொல்ல, அவன் எழுத வேண்டும். இது தடையில்லாமல் வந்த பிறகே அடுத்த இரண்டு எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் தினமும் வேண்டும்.

பிள்ளைகள் வழுக்குகிற இடங்கள் சில உண்டு. முதலாவது புள்ளி. ‘கல்’லை ‘கல’ என்பார்கள், ‘பாட்டி’யை ‘பா-ட-டி’ என்பார்கள். புள்ளி எழுத்தைத் தனியாகச் சொல்ல விடாதீர்கள். முந்தைய எழுத்தோடு ஒட்டி ‘பாட்-டி’ என்று சொல்ல வையுங்கள். அடுத்தது கொம்பு. கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ ஆகியவற்றில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கண் இடமிருந்து வலமாகப் போகும்போது இது உண்மையிலேயே குழப்பும், பிள்ளையைத் திட்டாதீர்கள். முதலில் நடு எழுத்தைத் தொடச் சொல்லுங்கள், அப்புறம் குறியை.

உகரம் இன்னும் சிக்கல், ஏனென்றால் அதற்கு ஒரே குறி கிடையாது. நாங்கள் மூன்று கூட்டமாகப் பிரிப்போம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒன்று. சு, பு, யு, வு ஒன்று. து, நு, ணு, லு, று, னு ஒன்று. ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்று எடுத்தால் தெளிவாக நிற்கும். உங்கள் மளிகைச் சீட்டு ‘உப்பு’ அப்போது தானாக வந்துவிடும். ‘திருநெல்வேலி’க்குக் கொஞ்சம் பொறுங்கள். புள்ளி, கொம்பு, உகரம் என்று நான் சொன்ன மூன்று சிக்கலும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

அக்கா, என் மகள் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறாள். எல்லா எழுத்தும் தெரியும். ஆனால் ‘பந்து’, ‘தங்கம்’, ‘அகம்’ எல்லாவற்றையும் வல்லொலியாகவே வாசிக்கிறாள். கேட்க வேறு மொழி மாதிரி இருக்கிறது.
— ஒரு தந்தை, டொராண்டோ

இது எழுத்துக் குறையில்லை, தம்பி. இங்கே பிறந்த பிள்ளை ‘பந்து’ என்ற சொல்லை ஆயிரம் முறை கேட்டுவிட்டுத்தான் எழுத்தில் பார்க்கிறது. உங்கள் மகள் எழுத்தில்தான் முதலில் பார்க்கிறாள். அவளுக்கு விதியை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். க, ச, ட, த, ப இரட்டித்தால் வன்மை: பக்கம், பாட்டு. சொல்லின் முதலிலும் அநேகமாக வன்மைதான். சகரம் மட்டும் அங்கே பலர் வாயில் மெலியும். மெல்லின எழுத்துக்குப் பின்னால் வந்தால் மென்மை: தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, அம்பு. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்தாலும் மெலியும்: அகம், படம், அது, கோபம். ‘பஸ்’ போன்று வேறு மொழியிலிருந்து வந்த சொற்களுக்கு இது செல்லாது. அவற்றைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 81. நாங்கள் மணலில் விரலால் எழுதி, கத்திக் கத்திப் படித்தவர்கள். இப்போது ஆராய்ச்சி என்று சொல்லி அதையெல்லாம் தூக்கி எறிகிறார்கள். நாங்கள் வாசிக்கவில்லையா?
— ஒரு தாத்தா, கும்பகோணம்

வணக்கம் ஐயா. மணலைத் தூக்கி எறியக் கூடாது. எழுத்தைக் கையால் எழுதிப் பழகிய பிள்ளை அதை விரைவில் அடையாளம் காண்கிறது என்பதை இன்றைய ஆய்வுகளும் காட்டுகின்றன. 1790-களில் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியில் இருந்த ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்துத்தான் ‘மெட்ராஸ் முறை’யை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கத்திச் சொல்வதிலும் தவறில்லை, விரல் எழுத்தின் மேல் இருக்கும்வரை. விரலை எடுத்துவிட்டுக் கத்தினால் சங்கரன்கோவில் பையன் கதைதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஐயா. அந்தக் காலத்தில் வாசிப்பு வராத பிள்ளைகளை மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள்தான் இன்று கடிதம் எழுதுகிறீர்கள்.

டீச்சர், நான்காம் வகுப்பு எடுக்கிறேன். என் பிள்ளைகளில் சிலருக்கு எழுத்தே தெரியவில்லை. சிலர் எழுத்துக்கூட்டி முழுப் பத்தியும் வாசித்துவிட்டு, என்ன படித்தாய் என்றால் விழிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்த வேண்டியிருக்கிறது.
— ஓர் ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

உங்கள் வகுப்பில் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. 1986-ல் கஃப், டன்மர் என்ற இருவர் சொன்னது எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

எழுத்து தெரியாதவர்களை அவர்கள் நிற்கிற இடத்திலிருந்து எடுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழுவாக்கி, தினமும் சிறிது நேரம் கற்பிக்கும் முறையை நடத்துகிறது. 2019-ல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் அதைச் சோதித்துப் பலன் உண்டு என்று கண்டார்கள். உங்கள் கஷ்டம் உங்கள் பள்ளியோடு முடிவதுமில்லை. பிள்ளைகளின் கற்றல் நிலையைக் கணக்கெடுக்கும் அசர் ஆய்வின் 2022 அறிக்கையின்படி, ஊரக இந்தியாவில் மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 20.5 விழுக்காடுதான். அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரமாவது பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைச் செய்யத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள்.

வாசித்தும் விழிக்கிறவர்கள் விஷயம் வேறு. புத்தகத்தில் ‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்றிருக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்தது ‘மழ பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு’. ‘பெய்-து-கொண்-டி-ருந்-தது’ என்று பாடுபட்டு முடிக்கும்போது, கையில் கிடைப்பது அது கேட்டே இராத ஒரு சொல். தமிழ் வாசிப்பில் பாதித் தடங்கல் இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். வாசித்ததை “வீட்ல எப்படிச் சொல்லுவ?” என்று கேளுங்கள். பேச்சுத் தமிழில் சொன்னால் திருத்தாதீர்கள், புரிந்ததற்கு அதுதான் அத்தாட்சி. தினமும் ஒரு கதையை நீங்கள் உரக்க வாசித்துக் காட்டுங்கள். எழுத்துத் தமிழ் முதலில் காதில் விழட்டும். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்தே வந்திருக்கின்றன. அவை அலமாரியில் பூட்டிக் கிடந்தால் வெளியே எடுங்கள்.

திக்கித் திக்கி வாசிக்கிறவர்களுக்கு ஒரே சின்னப் பத்தியை மூன்று நான்கு முறை வாசிக்கக் கொடுங்கள். வேகம் வந்தால்தான் பொருளைக் கவனிக்க மூளைக்கு இடம் கிடைக்கும். பொது அறிவையும் விட்டுவிடாதீர்கள். 1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் பற்றிய ஒரு பத்தியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியும் ஆட்டம் தெரிந்தவர்களுக்குத்தான் அதிகம் புரிந்தது. உங்கள் பிள்ளைகளுக்குக் கரும்பு வெட்டு தெரியும், ஏரி தெரியும். அதில் தொடங்கும் பத்திகளை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. நன்றாகப் பேசுவாள், கணக்கு வாய்க்கணக்காகக் கேட்டால் டக்கென்று சொல்வாள். வாசிக்க மட்டும் வரவில்லை. பள்ளியில் ‘மக்கு’ என்று எழுதியே அனுப்பிவிட்டார்கள்.
— ஒரு பாட்டி, திண்டுக்கல்

அந்தத் தாளைக் குழந்தையின் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள், அம்மா. முதலில் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். காதில் சீழ் வடிந்து ஒலி சரியாகக் கேட்காமல் வாசிப்பில் தங்கிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். அறிவுக் குறைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. சங்கரன்கோவில் தாய்க்குச் சொன்ன அதே முறைதான் இவளுக்கும். இன்னும் சின்னச் சின்னப் படியாக, இன்னும் அதிகத் தடவை செய்ய வேண்டும். நிறக் கண்ணாடி, மூளைக்கு மாத்திரை என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று; டிஸ்லெக்சியா அதில் அடங்கும். முறையான சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. பள்ளியிடம் என்ன கேட்டாலும் எழுத்தில் கேட்டு, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.